பழைய கணினிகளில் டிஸ்க் கேச்சும் கம்பைலரும் மோதிக்கொள்ளும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

286, 386, 486 கணினிகளில் எம்எஸ்-டாஸின் கீழ் டர்போ சி++, போர்லாண்ட் பாஸ்கல், டிஜேஜிபிபி போன்ற கம்பைலர்களை (மூல நிரலை இயங்கும் நிரலாகத் தொகுக்கும் மென்பொருள்களை) இன்றும் இயக்குவோருக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. பழைய இயந்திரங்களை மீட்டெடுத்துப் பயன்படுத்தும் ஆர்வலர்களும், டாஸ் காலத்து நிரல்களை இன்னும் பராமரிக்க வேண்டிய நிலையில் உள்ளவர்களும் கேட்கும் கேள்விகளே இங்கே இடம்பெறுகின்றன. டிஸ்க் கேச் என்பது தட்டில் படிப்பதையும் எழுதுவதையும் நினைவகத்தில் வைத்து வேகப்படுத்தும் நிரல். இங்கு முதன்மையாகப் பேசப்படும் கேச் நிரல் மைக்ரோசாஃப்டின் ஸ்மார்ட்டிரைவ் ஆகும். நார்ட்டன் கேச், பிசி-குவிக், ஹைப்பர்டிஸ்க் ஆகியவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும். கட்டளைகள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும். டாஸின் எட்டு எழுத்து வரம்பு காரணமாக, ஸ்மார்ட்டிரைவ் என்ற பெயரை அடிக்கும்போது அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் உள்ள ஐ, இ ஆகிய இரண்டு எழுத்துகளையும் விட்டுவிட வேண்டும்.

கேள்வி: டிஸ்க் கேச் கம்பைலருக்கு உண்மையிலேயே உதவுகிறதா?

உதவுகிறது, அதுவும் மற்ற எந்த வகை நிரலுக்கும் உதவுவதைவிடக் கூடுதலாகவே உதவுகிறது. பத்து மூலக் கோப்புகள் கொண்ட ஒரு சி நிரலைத் தொகுக்கும்போது, அதே தலைப்புக் கோப்புகளைக் கம்பைலர் பத்து முறை திறந்து படிக்கிறது. தொகுப்பை நடத்தும் மேக் நிரல் ஒவ்வொரு கோப்புக்கும் கம்பைலரை வன்தட்டிலிருந்து புதிதாக ஏற்றுகிறது. இறுதியில், தொகுத்த துண்டுகளை இணைக்கும் லிங்கர் நூலகக் கோப்புகளைத் துழாவுகிறது. போர்லாண்டின் பழைய பதிப்புகள் ‘விரூம்’ எனப்பட்ட ஓவர்லே முறையில் தம்முடைய நிரற்பகுதிகளையே தேவைப்படும்போது மட்டும் தட்டிலிருந்து எடுத்துக்கொள்பவை. இவ்வளவும் திரும்பத் திரும்பப் படிக்கப்படும் அதே தரவுதான் என்பதால், ஒருமுறை படித்ததை நினைவகத்தில் வைத்திருந்து கொடுக்கும் கேச் இங்கே முழுப் பயனைத் தருகிறது.

எனவே, ஏதேனும் சிக்கல் வந்தவுடன் ‘கேச்சையே எடுத்துவிடுங்கள்’ என்று சொல்லும் வழக்கமான அறிவுரையை நான் ஏற்பதில்லை. சிக்கலைத் தருவது பெரும்பாலும் கேச்சின் ஒரு பகுதி மட்டுமே. அந்தப் பகுதியை மட்டும் நிறுத்திவிட முடியும்.

கேள்வி: அப்படியானால் மோதல் எங்கிருந்து வருகிறது?

மூன்று இடங்களிலிருந்து வருகிறது. முதலாவது, எழுதுவதைத் தள்ளிப்போடுதல்: கேச் தரவை வாங்கிக்கொண்டு ‘எழுதியாயிற்று’ என்று நிரலுக்குப் பதில் சொல்லிவிட்டு, சில விநாடிகள் கழித்தே தட்டில் எழுதுகிறது. இரண்டாவது, 1 எம்பி எல்லைக்கு மேலுள்ள நீட்டிப்பு நினைவகம்: கேச்சுக்கும் அது வேண்டும், அந்த நினைவகத்தை எட்ட உதவும் டாஸ் எக்ஸ்டென்டருடன் வரும் கம்பைலருக்கும் அது வேண்டும். மூன்றாவது, தட்டுக்கும் டாஸுக்கும் இடையே கேச் குறுக்கே அமர்ந்திருப்பதால் வன்பொருளோடும் பிற நிரல்களோடும் ஏற்படும் உரசல். பின்வரும் கேள்விகளில் பல முதல் வகையைச் சேர்ந்தவை. ஏனெனில் நிரல் எழுதுபவரின் கணினி மற்றவர்களின் கணினியைவிட மிக அதிகமாக உறைந்து நிற்கும்.

கேள்வி: மூலக் கோப்பைச் சேமித்த பிறகே நிரலை ஓட்டினேன். கணினி உறைந்தது, ரீசெட் பொத்தானை அழுத்தினேன். மீண்டும் திறந்தால் பழைய வடிவமே இருக்கிறது. சேமித்தது எங்கே போயிற்று?

அது கேச்சிலேயே இருந்து, ரீசெட்டோடு அழிந்துவிட்டது. எஃப்2 விசையை அழுத்தியதும் டர்போ சி++ கோப்பை டாஸிடம் ஒப்படைத்தது, டாஸ் அதைக் கேச்சிடம் ஒப்படைத்தது, கேச் அதைத் தட்டுக்கு அனுப்பக் காத்திருந்தது. நீங்கள் உடனே கன்ட்ரோல்-எஃப்9 அழுத்தி நிரலை ஓட்டிய அந்த இரண்டு மூன்று விநாடிகளுக்குள் உங்கள் நிரல் இன்டரப்டுகளை (செயலியை இடைமறித்து அழைக்கும் குறிப்புகளை) முடக்கி உறைந்துவிட்டால், கேச்சுக்குத் தன் வேலையை முடிக்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. கோப்பின் பழைய வடிவம் கிடைப்பது நல்ல நிலை. அடைவுப் பதிவு எழுதப்பட்டுக் கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை எழுதப்படாமல் போனால் பூச்சிய அளவுள்ள கோப்போ, வேறு கோப்பின் துண்டுகளோ கிடைக்கும். இத்தகைய நேரங்களில் தட்டைச் சரிபார்க்கும் செக்டிஸ்க்கை /எஃப் விசையுடன் (கட்டளையோடு சேர்த்து அடிக்கும் சுவிட்ச்) ஓட்டினால், உரிமையாளரில்லாத துண்டுகள் ‘ஃபைல்0000.சிஎச்கே’ என்பது போன்ற பெயர்களில் மூல அடைவில் சேர்க்கப்படும். மூலக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பதால், அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் தொலைந்த வரிகள் கிடைக்கவும் கூடும்.

உறைந்த கணினியின் ரீசெட் பொத்தானைத் தொடுவதற்கு முன் ‘நம் லாக்’ (எண் பூட்டு) விசையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விசைப்பலகையில் அதன் விளக்கு மாறினால், விசைப்பலகை இன்டரப்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் சற்றுப் பொறுத்து, வன்தட்டு விளக்கு அணைந்தபின் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அழுத்துங்கள். ஸ்மார்ட்டிரைவ் அந்த விசைச் சேர்க்கையைக் கவனித்துத் தன்னிடம் தேங்கியிருப்பதைத் தட்டில் எழுதிவிட்டே மறுதொடக்கத்துக்கு வழிவிடும். ரீசெட் பொத்தானுக்கோ மின்விசைக்கோ அந்தப் பாதுகாப்பு கிடையாது. விளக்கு மாறவில்லை என்றால் காத்திருந்தும் பயனில்லை.

கேள்வி: எழுதுவதைத் தள்ளிப்போடும் வழக்கத்தை மட்டும் எப்படி நிறுத்துவது?

ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் ஸ்மார்ட்டிரைவ் ஏற்றப்படும் வரியின் இறுதியில் /எக்ஸ் சேர்த்தால், எல்லா இயக்கிகளுக்கும் (சி, டி போன்ற டிரைவ்கள்) எழுதும் கேச் நின்றுவிடும். படிக்கும் கேச் அப்படியே தொடரும். இந்த விசை டாஸ் 6.2 முதலான பதிப்புகளில் உண்டு. விண்டோஸ் 3.1-உடன் வந்த பதிப்பில் விசை இல்லாமல் இயக்கியின் எழுத்தை மட்டும், கூட்டல் கழித்தல் குறியின்றி, கொடுத்தால் போதும்: ‘ஸ்மார்ட்டிரைவ் சி’ என்றால் சி இயக்கிக்குப் படிக்கும் கேச் மட்டும் இருக்கும், ‘சி+’ என்றால் இரண்டும் இருக்கும், ‘சி-’ என்றால் எதுவும் இராது.

1993-இல் வந்த டாஸ் 6.0-இல் வன்தட்டுக்கு எழுதும் கேச் இயல்பாகவே இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. தரவு இழப்புப் பற்றிய புகார்கள் எழுந்தபின், அதே ஆண்டின் இறுதியில் வெளியான 6.2-இல் நிறுவும்போதே அதை நிறுத்தி வைக்கும் முறைக்கு மைக்ரோசாஃப்ட் மாறியது. பயனர் தாமாக இயக்கினாலும், தேங்கியது முழுவதும் எழுதப்பட்ட பின்னரே டாஸின் கட்டளைக் குறி திரும்பத் தோன்றுமாறும் செய்தது. அந்த இரண்டாவது மாற்றம் நம்மைப் போன்றவர்களுக்குப் போதாது என்பதைக் கவனிக்க வேண்டும். டர்போ சி++-இன் சூழலுக்குள்ளேயே திருத்தி, தொகுத்து, ஓட்டும்போது கட்டளைக் குறி தோன்றுவதே இல்லை. ஆகவே அந்தக் காவல் வேலை செய்யும் தருணமும் வருவதில்லை. நிரல் எழுதும் கணினியில் /எக்ஸ் கட்டாயம் என்றே சொல்வேன். இதனால் தொகுப்பின் வேகம் குறையும் என்றாலும், குறையும் அளவு அற்பமானது. கம்பைலர் எழுதுவதைவிடப் படிப்பதே பல மடங்கு அதிகம்.

கேள்வி: எழுதும் கேச் எனக்கு வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் அதைக் காலிசெய்ய வழி உண்டா?

உண்டு. ‘ஸ்மார்ட்டிரைவ் /சி’ என்ற கட்டளை தேங்கியதை எல்லாம் உடனே எழுதிவிடும். கட்டளை வரியிலிருந்து தொகுப்பவர்கள், நிரலை ஓட்டும் பேட்ச் கோப்பில் அதற்கு முந்தைய வரியாக இதைச் சேர்த்துக்கொள்ளலாம். நிரலுக்குள்ளிருந்தே செய்ய விரும்பினால், ஏஎக்ஸ் ரிஜிஸ்டரில் 4ஏ10, பிஎக்ஸ்-இல் 1 ஆகிய ஹெக்ஸ் எண்களை இட்டு 2எஃப் என்ற இன்டரப்டை அழைக்க வேண்டும். சோதனைக்குரிய நிரலின் முதல் வரியாக இந்த அழைப்பை வைப்பது நல்ல பழக்கம். /சி-க்குப் பதிலாகத் தவறி /ஆர் என்று அடித்துவிட்டால் தரவு போய்விடாது. அது எழுதிவிட்டுக் கேச்சில் உள்ள எல்லாவற்றையும் அழித்து மறுபடி தொடங்கும், அடுத்த தொகுப்பு மெதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

இதோடு, டர்போ சி++-இன் விருப்பங்கள் பட்டியலில் சூழல் என்பதன் கீழ் உள்ள தானாகச் சேமிக்கும் பகுதியில் ‘எடிட்டர் ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்வுசெய்து வையுங்கள். அது இல்லாவிட்டால், ஓட்டுவதற்கு முன் கோப்பு டாஸிடம்கூடப் போய்ச் சேராது. பலர் கேச்சின் மீது போடும் பழி உண்மையில் இதைச் சேர்ந்தது.

கேள்வி: என் நிரலில் உள்ள தவறான பாய்ன்டர் (நினைவக முகவரியைச் சுட்டும் மாறி) கேச்சில் உள்ள தரவைக் கெடுத்து, அந்தக் கெட்ட தரவு தட்டில் எழுதப்பட வாய்ப்பு உண்டா?

வாய்ப்பு உண்டு, ஆனால் பலர் நினைக்கும் வழியில் அன்று. கேச்சின் தரவு 1 எம்பி எல்லைக்கு மேல், எக்ஸ்எம்எஸ் எனப்படும் முறையில் ஒதுக்கப்பட்ட நீட்டிப்பு நினைவகத்தில் இருக்கிறது. டர்போ சி உருவாக்கும் சாதாரண நிரல் ரியல் மோடில் இயங்குவதால், அதன் பாய்ன்டர்கள் ஏறக்குறைய அந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிடும். தரவை நேரடியாக அவற்றால் தொட முடியாது. ஆனால் எந்தத் தரவு எந்த செக்டருக்கு (தட்டின் சிறு பகுதிக்கு) உரியது என்று கணக்கு வைத்திருக்கும் கேச்சின் நிரற்பகுதி, ஏறத்தாழ 27 முதல் 30 கேபி அளவில், 640 கேபிக்குள்ளோ அதற்குச் சற்று மேலுள்ள மேல் நினைவகப் பகுதியிலோ அமர்ந்திருக்கிறது. டாஸில் நினைவகப் பாதுகாப்பு என்று எதுவும் இல்லாததால், அந்தக் கணக்கேட்டின் மேல் உங்கள் நிரல் எழுதினால் தடுப்பார் யாருமில்லை. கணக்கு கெட்டுவிட்டால், சரியான தரவு தவறான செக்டருக்குப் போகும். தள்ளிப்போட்ட எழுத்து இருக்கும்போதுதான் இது தட்டைச் சேதப்படுத்தும். /எக்ஸ் இருந்தால் பெரும்பாலும் வெறும் உறைதலோடு முடிந்துவிடும்.

இதைவிட எளிதாக நேர்வது இன்டரப்ட் அட்டவணை கெடுவதாகும். ரியல் மோடில் முகவரி பூச்சியத்திலிருந்து 1,024 பைட்டுகள் வரை 256 இன்டரப்டுகளின் முகவரிகள் நான்கு நான்கு பைட்டுகளாக அடுக்கப்பட்டுள்ளன. முழு முகவரிகளைப் பயன்படுத்தும் லார்ஜ் மெமரி மாடலில் தொகுத்த நிரல், மதிப்பிடப்படாமல் பூச்சியத்தைச் சுட்டும் ‘நல்’ பாய்ன்டர் வழியாக 80 எழுத்துள்ள ஒரு சரத்தை நகலெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பூச்சியத்திலிருந்து தொடங்கி எழுதிக்கொண்டே போகும்போது, 32-ஆவது பைட்டில் தொடங்கும் கடிகார இன்டரப்ட், 36-இல் தொடங்கும் விசைப்பலகை இன்டரப்ட், 76-இல் தொடங்கும் தட்டு இன்டரப்ட் ஆகிய மூன்றும் அழிந்துவிடுகின்றன. கடிகாரம் நொடிக்கு 18 முறைக்குச் சற்று மேல் துடிப்பதால், அடுத்த துடிப்பிலேயே கணினி உங்கள் சரத்தின் எழுத்துகளை முகவரியாக எண்ணிப் பாய்ந்து உறைகிறது; தேங்கிய தரவை எழுத கேச்சுக்குக் கடிகாரமும் இல்லை, தட்டும் இல்லை. ஸ்மால் மாடலில் இதே பிழை நிரலின் சொந்தத் தரவுப் பகுதியின் தொடக்கத்தைத்தான் கெடுக்கும்; நிரல் முடியும்போது ‘நல்’ பாய்ன்டர் பற்றிய எச்சரிக்கையும் கிடைக்கும். ஆகவே, நிரல் சிறியதாயின் ஸ்மால் மாடலில் முதலில் சோதிப்பது தட்டுக்கும் நல்லது.

கேள்வி: கேச் ஏற்றியிருந்தால் மட்டும் ‘நினைவகம் போதவில்லை’ என்று கம்பைலர் நின்றுவிடுகிறது. ஏன்?

அளவு எதுவும் குறிப்பிடாவிட்டால், இருக்கும் நீட்டிப்பு நினைவகத்தைப் பார்த்து ஸ்மார்ட்டிரைவ் தானே முடிவெடுக்கிறது. 1 எம்பி வரை மட்டுமே இருந்தால் அதை முழுவதும் எடுத்துக்கொள்ளும். 4 எம்பி வரை இருந்தால் 1 எம்பியும், அதற்கு மேல் 2 எம்பியும் எடுத்துக்கொள்ளும். 2 எம்பி கணினி ஒன்றில் இதன் விளைவைப் பாருங்கள்: நீட்டிப்பு நினைவகம் 1 எம்பி, அத்தனையும் கேச்சுக்கு. அதன்பின், 1 எம்பிக்கு மேலும் எட்டும் பாதுகாப்பு மோடில் இயங்க விரும்பும் போர்லாண்ட் சி++ 3.1-க்கோ போர்லாண்ட் பாஸ்கல் 7-க்கோ மிச்சம் ஏதுமில்லை.

தீர்வு, அளவை நீங்களே சொல்வதுதான். ‘ஸ்மார்ட்டிரைவ் 512 256’ என்றால் டாஸில் 512 கேபியும், விண்டோஸ் இயங்கும்போது 256 கேபியும் கேச்சுக்குக் கிடைக்கும். 4 எம்பி கணினியில் டிஜேஜிபிபி பயன்படுத்துவோர் இன்னும் கஞ்சத்தனமாக இருக்க வேண்டும். நினைவகம் போதாதபோது அதன் சிடபிள்யூஎஸ்-டிபிஎம்ஐ நிரல் பக்கங்களைத் தட்டில் உள்ள ஸ்வாப் கோப்புக்கு அனுப்புகிறது. அந்த எழுத்து டாஸ் வழியாகச் செல்வதால் கேச்சுக்குள்ளும் நுழைகிறது. ஆக, கம்பைலருக்கு நினைவகத்தைக் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கும் கேச், அதனாலேயே தட்டுக்குத் தள்ளப்பட்ட பக்கங்களை அதே நினைவகத்தில் வாங்கிச் சேர்க்கும் வேடிக்கை நடக்கிறது.

எதிர்த்திசைச் சிக்கலும் உண்டு. கட்டளை வரி டிசிசி 640 கேபிக்குள்ளேயே வேலை செய்வதால், கேச்சின் நிரற்பகுதி அதற்குள் அமர்ந்தால் பெரிய மூலக் கோப்பு தொகுக்கப்படாமல் போகலாம். மெம் /சி கட்டளையில் ஸ்மார்ட்டிரைவ் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பாருங்கள். கான்ஃபிக்.சிஸ் கோப்பில் மேல் நினைவகத்தை நிர்வகிக்கும் இஎம்எம்386-உம் ‘டாஸ்=ஹை,யுஎம்பி’ என்ற வரியும் இருந்து, மேலே இடமும் இருந்தால் அது தானாகவே மேல் நினைவகத்துக்குப் போய்விடும்; யாரோ /எல் விசையைச் சேர்த்து வைத்திருந்தால் கீழேயே நிற்கும்.

கேள்வி: ஒன்று பயன்படுத்தும் நீட்டிப்பு நினைவகத்தின் மேலேயே மற்றொன்று எழுதிவிடுமா?

எக்ஸ்எம்எஸ் முறைப்படி இரண்டும் கேட்டு வாங்கினால் எழுதாது. ஹைமெம்.சிஸ் என்ற ஒரே காவலரிடம் இரண்டும் ஒதுக்கீடு பெறுவதால் மோதலுக்கு இடமில்லை. ஆனால் 1988-இல் எக்ஸ்எம்எஸ் வரையறை பரவுவதற்கு முன் எழுதப்பட்ட நிரல்களுக்கு அந்தக் காவலர் கிடையாது. அவை 15 என்ற ஹெக்ஸ் எண்ணுள்ள பயாஸ் இன்டரப்டை அழைத்து எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று கேட்டு, தாமாகவே ஒரு பகுதியை வரித்துக்கொண்டன. சில நிரல்கள் மேல்முனையிலிருந்து எடுத்துக்கொண்டு மீதி அளவைக் குறைத்துச் சொல்லின; ஐபிஎம்மின் வி-டிஸ்க் வழியைப் பின்பற்றியவை கீழ்முனையிலிருந்து எடுத்துக்கொண்டு அங்கே ஓர் அடையாளத்தை விட்டுவைத்தன. ஒரு முனையை மட்டும் சரிபார்க்கும் நிரல் மறுமுனையில் இருப்பதை மிதித்துவிடும். கீழ்முனையில் இருப்பது எழுதப்படாத தரவோடு கூடிய கேச்சாக இருந்தால், சேதம் தட்டுக்கும் போகும்.

டர்போ டிபக்கரின் டிடி386-இல் பிற நிரல்கள் எத்தனை கேபி நீட்டிப்பு நினைவகத்தைப் பயன்படுத்துகின்றன என்று நாமே தெரிவிக்க ‘-இ’ என்ற விசை வைக்கப்பட்டிருந்ததற்கு இதுவே காரணம். பழைய நிரல் ஒன்றைக் கட்டாயம் பயன்படுத்தியே ஆக வேண்டுமெனில், ஹைமெம் வரியில் ‘/இன்ட்15=’ என்ற விசையைக் கொடுத்து அதற்கென்று ஒரு பகுதியை ஒதுக்கிவிடலாம்; நிரலுக்குத் தேவையானதைவிட 64 கேபி கூட்டிச் சொல்ல வேண்டும்.

கேள்வி: கான்ஃபிக்.சிஸ்-இல் ‘நோஇஎம்எஸ்’ போட்டபின் பழைய டிஜேஜிபிபி ஓடவில்லை. கேச்சை நீக்கியும் பயனில்லை.

இதில் கேச்சுக்குத் தொடர்பில்லை. பழைய எக்ஸ்டென்டர்கள் விசிபிஐ என்ற ஏற்பாட்டின் மூலம் இஎம்எம்386-உடன் உடன்பட்டு இயங்குபவை. அந்த ஏற்பாட்டை அவை இஎம்எஸ் (மற்றொரு வகைக் கூடுதல் நினைவகம்) வழியாகத் தேடுகின்றன. இஎம்எஸ்-ஐ மூடிவிட்டால் சிலவற்றால் அதைக் கண்டுபிடிக்க இயலாது. ‘நோஇஎம்எஸ்’-க்குப் பதிலாக ‘ஃபிரேம்=நன்’ என்று கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஸ்கஸி வன்தட்டில் மட்டும் லிங்கர் ‘பழுதான ஆப்ஜெக்ட் கோப்பு’ என்கிறது. கோப்பை வேறு கணினியில் பார்த்தால் நன்றாக இருக்கிறது.

வன்தட்டை இணைக்கும் ஸ்கஸி அட்டை பஸ் மாஸ்டரிங் வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஐஎஸ்ஏ காலத்து அடாப்டெக் 1542 அத்தகையது. இந்த அட்டைகள் செயலியின் உதவியில்லாமல் தாமே நினைவகத்தில் தரவை இடுகின்றன. இஎம்எம்386 இயங்கும்போது, டாஸ் அறிந்த முகவரியும் உண்மையான வன்பொருள் முகவரியும் மேல் நினைவகப் பகுதியில் வேறுபடுகின்றன. அட்டைக்கு அந்த வேறுபாடு தெரியாவிட்டால் தரவு வேறெங்கோ போய் விழுகிறது. கேச் மேல் நினைவகத்தில் அமர்ந்திருக்கும்போது இது அடிக்கடி வெளிப்படும். கான்ஃபிக்.சிஸ்-இல் ஸ்மார்ட்டிரைவை /டபுள்_பஃபர் விசையுடன் டிவைஸ் வரியாகவும் சேர்த்தால், தரவு முதலில் கீழ் நினைவகத்தில் உள்ள ஓர் இடைத்தாங்கியில் இறங்கிப் பின்னர் நகர்த்தப்படும். அது உங்கள் கணினிக்குத் தேவையா என்பதை அறிய, எந்த விசையும் இன்றி ஸ்மார்ட்டிரைவ் என்று மட்டும் அடித்து வரும் பட்டியலின் கடைசி நிரையைப் பாருங்கள். எல்லா இயக்கிக்கும் ‘நோ’ என்றிருந்தால் அந்த வரியை நீக்கிவிடலாம். ஐடிஇ தட்டுகளுக்கு வழக்கமாக இது வேண்டியதில்லை.

கேள்வி: இரண்டு கேச் நிரல்களை ஒன்றாக வைக்கலாமா?

கூடாது. ஒன்று எழுதிவிட்டதாக நம்பும் தரவை மற்றொன்று இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்; ‘ஸ்மார்ட்டிரைவ் /சி’ அடித்தும் தட்டுக்குப் போகாத தரவு இருப்பது இப்படித்தான். வன்பொருள் அட்டையிலேயே கேச் உள்ள கணினிகளிலும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: டர்போ சி++-இலிருந்து டாஸ் ஷெல்லுக்குப் போய் அங்கே கேச்சை ஏற்றலாமா?

அதுவும் கூடாது. நிலையாகத் தங்கும் நிரல் கம்பைலருக்கு மேலே நினைவகத்தில் அமர்ந்துகொள்ளும். கம்பைலரிலிருந்து வெளியேறியபின் நடுவில் ஓட்டை விழுந்த நினைவகமே மிஞ்சும்.

கேள்வி: தற்காலிகக் கோப்புகளுக்கு ரேம்டிரைவ் நல்லதா, கேச் நல்லதா?

கம்பைலரைப் பொறுத்தது. ரேம்டிரைவ் என்பது நினைவகத்தின் ஒரு பகுதியைத் தட்டுபோல் காட்டும் நிரல். டர்போ சி ஒரே நடையில் மூலத்திலிருந்து ஆப்ஜெக்ட் கோப்பை உருவாக்குவதால் தற்காலிகக் கோப்புகள் குறைவு. அதற்கு ரேம்டிரைவ் வீண். டிஜேஜிபிபியின் ஜிசிசி முன்செயலி, கம்பைலர், அசெம்பிளர் என்று கட்டம் கட்டமாக வேலை செய்து, ஒவ்வொரு கட்டத்தின் விளைவையும் கோப்பாக எழுதுகிறது. டாஸில் ஒரு நிரலின் வெளியீட்டை நேரே அடுத்ததற்கு அனுப்பும் உண்மையான பைப் வசதி இல்லாததால் வேறு வழியும் இல்லை. அங்கே 8 எம்பியோ அதற்கு மேலோ இருந்தால், டிஎம்பிடிர் மாறியை ரேம்டிரைவ் இயக்கிக்குத் திருப்புவது, எழுதும் கேச்சை நிறுத்தியதால் இழந்த வேகத்தை ஆபத்தில்லாமல் திருப்பித் தருகிறது. கணினி உறைந்தால் போவது எப்படியும் அழிக்கப்பட இருந்த கோப்புகள் மட்டுமே. ரேம்டிரைவின் மூல அடைவில் இயல்பாக 64 பதிவுகளுக்கே இடம் என்பதால், உள்ளே ஒரு துணை அடைவு உருவாக்கி அதைக் காட்டுவது நல்லது. இல்லாவிட்டால் இடம் இருந்தும் ‘கோப்பை உருவாக்க முடியவில்லை’ என்ற செய்தி வரக்கூடும்.

கேள்வி: கோப்பைத் திருத்திய பின்னும் மேக் அதைத் தொகுக்க மறுக்கிறது. கேச் பழைய தேதியைக் காட்டுகிறதா?

இல்லை. கேச் கோப்பின் தேதியையோ நேரத்தையோ தொடுவதில்லை; டாஸ் கேட்கும்போது புதிய தரவையே கொடுக்கும், அது தட்டில் இன்னும் எழுதப்படாவிட்டாலும்கூட. ஃபேட் கோப்பு முறையில் நேரம் இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் பதியப்படுகிறது என்பதையும், பழைய கணினிகளில் தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்து தேதி 1980-க்குத் திரும்பியிருப்பது வழக்கம் என்பதையும் முதலில் நினையுங்கள். டேட் என்று அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். டர்போ பாஸ்கல் நிரல்கள் வேகமான கணினிகளில் தொடங்கியவுடனே காட்டும் 200-ஆம் எண் இயக்கநேரப் பிழைக்கும் இதே பதில்தான்: சிஆர்டி யூனிட் தாமதத்தை அளவிடும் வகுத்தல் கணக்கு வேகமான செயலியில் வழிந்துவிடுவதால் அது வருகிறது, கேச்சால் அன்று.

கேள்வி: விண்டோஸின் டாஸ் சாளரத்தில் தொகுக்கிறேன். அங்கே என்ன மாறுகிறது?

விண்டோஸ் 3.1 தொடங்கும்போது கேச்சின் அளவு கட்டளையில் இரண்டாவதாகச் சொன்ன எண்ணுக்குச் சுருங்குகிறது. விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் 3.11-இல் 32-பிட் கோப்பு அணுகலை இயக்கினால், வன்தட்டை அதன் சொந்தக் கேச்சான விகேச் கவனித்துக்கொள்ளும். ஸ்மார்ட்டிரைவ் நெகிழ்தட்டுக்கும் சிடிக்கும் மட்டும் தேவைப்படுவதால் அதை மிகவும் சுருக்கிவிடலாம். விகேச்சிலும் எழுதுவது தள்ளிப்போகும் என்பதால், சோதிக்கப்படாத நிரலை அங்கே ஓட்டுவதைவிட வெறும் டாஸில் ஓட்டுவதையே விரும்புவேன்.

கேள்வி: சிக்கலுக்குக் காரணம் கேச்தான் என்று எப்படி உறுதிசெய்வது?

டாஸ் 6.2-இல் கணினி தொடங்கும்போது எஃப்8 அழுத்தினால் ஒவ்வொரு வரியையும் ஏற்றலாமா என்று கேட்கும். முதலில் /எக்ஸ் மட்டும் சேர்த்துச் சோதியுங்கள்; சிக்கல் தீர்ந்தால் அது முதல் வகை. தீராவிட்டால் அளவை 256 கேபிக்குக் குறையுங்கள். இப்போது தீர்ந்தால் நினைவகப் பங்கீடு. அதிலும் தீராமல், இஎம்எம்386-ஐ விட்டுவிட்டால் மட்டும் தீர்ந்தால் இரட்டை இடைத்தாங்கி அல்லது மேல் நினைவகம். கேச்சை முற்றிலும் நீக்கிப் பார்ப்பதைக் கடைசியாகச் செய்யுங்கள். அதை முதலில் செய்பவர்களுக்குச் சிக்கல் மறைந்துவிடும், ஆனால் எதனால் மறைந்தது என்று தெரியாமலே போகும்.

கேள்வி: நான் டாஸ்பாக்ஸில் டர்போ சி++ பயன்படுத்துகிறேன். எனக்கு ஸ்மார்ட்டிரைவ் வேண்டுமா?

வேண்டாம். டாஸ்பாக்ஸ் என்பது இன்றைய கணினியில் டாஸைப் போலச்செய்யும் நிரல். தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் பரவலாகக் காணப்படும் இந்த அமைப்பில், மவுண்ட் செய்யப்பட்ட (தட்டாகக் காட்டப்பட்ட) அடைவு உண்மையான டாஸ் தட்டு அன்று. கோப்புகளைப் படிப்பதும் எழுதுவதும் விண்டோஸோ லினக்ஸோ செய்கிற வேலை, கேச்சும் அவற்றுடையதே. ஆனால் டாஸ்பாக்ஸுக்கென்று ஓர் அடைவு கேச் உண்டு. நோட்பேடில் புதிய கோப்பை உருவாக்கி அதே அடைவில் சேமித்துவிட்டு, டர்போ சி++-இல் திறக்க முயன்றால் கோப்பே இல்லை என்று வருவது இதனால்தான். கன்ட்ரோல்-எஃப்4 அழுத்தினாலோ, கட்டளைக் குறியில் ரீஸ்கேன் என்று அடித்தாலோ புதிய கோப்பு தென்படும். 86பாக்ஸ் போல முழுக் கணினியையும் போலச்செய்யும் நிரல்களில் நிலைமை வேறு: அங்கே உண்மையான டாஸ், உண்மையான ஸ்மார்ட்டிரைவ், தட்டுப் படிமக் கோப்பு ஆகியவை இருப்பதால், மேலே சொன்ன அனைத்தும் அப்படியே பொருந்தும், போலச்செய்யும் நிரலின் சாளரத்தைச் சட்டென மூடுவது மின்விசையை அணைப்பதற்குச் சமம் என்பதும் அதில் அடங்கும்.